விதைத்தவனின் காத்திருப்பு

துன்பத்தில் இருப்பவரிடம் நாம் மிக எளிதாகச் சொல்லிவிடும் சொல் 'பொறுமையாயிரு' என்பது. சொல்பவருக்கு அதனால் செலவு எதுவும் இல்லை. கேட்பவருக்கோ அது சில வேளைகளில் ஆறுதலாக இருக்கிறது. வேறு சில வேளைகளில் புண்ணில் பட்ட உப்பாக எரிகிறது. ஒரே சொல் ஏன் இவ்வாறு இருவிதமாக வேலை செய்கிறது? பொறுமை என்பது உண்மையில் என்ன? அதனைப் பிறருக்கு உபதேசிக்க நமக்கு உரிமை உண்டா?

பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுனில் தமிழ் அன்பர்களுக்காக நடைபெறும் வகுப்பில் இக்கேள்வி எழுந்தது. பல சமயத்தவரும் ஒரே தெருவில் தமிழ் பேசி வாழும் பகுதி அது. ஆகவே, இஸ்லாமிய மரபு பொறுமையையும் நம்பிக்கையையும் எவ்வாறு விளக்குகிறது என்பதையும், தமிழ் பேசும் முஸ்லிம்களின் அண்மைக்கால வரலாற்றில் அவை எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதையும் பாடமாக எடுத்துக்கொண்டோம். அதன் சாரத்தை இங்கே தருகிறோம்.

சொல்லின் பொருள்

பொறுமையைக் குறிக்கும் அரபுச் சொல் 'ஸப்ர்'. தமிழ் முஸ்லிம் இல்லங்களில் இதுவே 'சபூர்' என்று வழங்குகிறது. இழவு வீட்டிலும், வியாபாரம் நொடித்த வீட்டிலும் 'சபூர் செய்யுங்கள்' என்பது வழக்கம். 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்லாமல் 'செய்யுங்கள்' என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். இது ஒரு நிலையன்று, ஒரு செயல்.

மூலச் சொல்லும் இதனை உறுதிப்படுத்துகிறது. கட்டுதல், தடுத்து நிறுத்துதல், பிடித்து வைத்தல் என்பனவே அதன் அடிப்படைப் பொருள்கள். சிதறி ஓட முயலும் மனத்தைப் பிடித்து நிறுத்துவது ஸப்ர். இஸ்லாமிய அறிஞர்கள் இதனை மூவகையாகப் பிரிப்பர். கடமையை விடாமல் தொடர்வது ஒன்று. தகாத செயலில் இறங்காமல் தன்னை அடக்கிக்கொள்வது இரண்டு. நேர்ந்த துன்பத்தைத் தாங்குவது மூன்று. நாம் பொறுமை என்றவுடன் மூன்றாவதை மட்டுமே நினைக்கிறோம். ஆனால், துன்பம் வந்தபோது கடமையைக் கைவிட்டவரோ, கோபத்தில் நிரபராதியைத் தாக்கியவரோ, எவ்வளவுதான் தாங்கிக்கொண்டாலும் முழுமையான பொறுமை உடையவர் ஆகமாட்டார். மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள்.

நம்பிக்கையும் வெற்று ஆசையும்

1111-ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி, சமய வாழ்வை விளக்கும் தமது பெருநூலை நாற்பது பகுதிகளாக அமைத்தார். அதில் பொறுமையையும் நன்றியுணர்வையும் பற்றிய பகுதிக்கு அடுத்ததாகவே அச்சத்தையும் நம்பிக்கையையும் பற்றிய பகுதி வருகிறது. பொறுமையைப் பேசி முடித்தவுடன் நம்பிக்கையைப் பேசாமல் இருக்க முடியாது என்பது இந்த அடைவிலேயே தெரிகிறது.

நம்பிக்கையை விளக்க அவர் உழவனை உவமையாகக் காட்டுகிறார். நல்ல நிலத்தைத் தேர்ந்து, நல்ல விதையை இட்டு, நீர் பாய்ச்சி, களை நீக்கி, பிறகு விளைச்சலை இறைவனிடம் எதிர்பார்த்துக் காத்திருப்பவனுடைய மனநிலையே நம்பிக்கை. நீரே எட்டாத உவர் நிலத்தில் விதைத்துவிட்டு, எதுவும் செய்யாமல் அறுவடையை எதிர்பார்ப்பது மயக்கம். நல்ல நிலத்தில் விதைத்தும், நீர் பாய்ச்ச வழியில்லாமல், மழை பெய்யாத பகுதியில் மழையை நோக்கியிருப்பது வெற்று ஆசை.

மூவருமே காத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூவரும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். வேறுபாடு, காத்திருப்பதற்கு முன்னும் காத்திருக்கும்போதும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் 'தவக்குல்' என்னும் பண்பைப் பற்றியும் நபிமொழி மரபில் இதே கருத்து உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பவா, கட்டிவிட்டு நம்பவா என்று கேட்டவரிடம், முதலில் கட்டும்படியே நபிகள் நாயகம் அறிவுறுத்தினார்.

யாக்கூபின் கண்ணீர்

பொறுமைசாலி அழக்கூடாது என்று பலர் எண்ணுகின்றனர். திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் இந்த எண்ணத்தைத் திருத்துகிறது. அது யூசுப் நபியின் வரலாறு. அவருடைய தந்தை யாக்கூப், மகனை இழந்த செய்தி வந்தபோது மேற்கொள்வது 'அழகிய பொறுமை' என்று அங்கே குறிக்கப்படுகிறது.

அந்த அழகிய பொறுமை எப்படி இருந்தது? அவர் அழுதார்; அழுது அழுது கண்கள் வெளுத்துப் பார்வையை இழந்தார். தம் துயரத்தை இறைவனிடம் முறையிட்டார். ஆண்டுகள் பல கடந்து இரண்டாவது மகனும் பிரிந்த பிறகு, மற்ற மக்களை அழைத்து, போய் யூசுபையும் அவன் தம்பியையும் தேடுங்கள், இறையருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்பிவைத்தார்.

இங்கே மூன்று செய்திகள் உள்ளன. கண்ணீர் பொறுமைக்கு விரோதமன்று. இழந்ததை மறந்துவிடுவது பொறுமை ஆகாது. யாக்கூப் ஒருநாளும் மறக்கவில்லை. நம்பிக்கை உள்ளவர் தேடுவதை நிறுத்துவதில்லை. கிணற்றில் எறியப்பட்ட மகனைப் பல ஆண்டுகள் கழித்தும் தேடச் சொல்லும் தந்தையின் மனத்தை உலகம் பேதைமை என்று சொல்லக்கூடும். அந்தப் பேதைமைக்குத்தான் அழகு என்ற அடைமொழி கிடைத்தது.

கணவாயில் மூன்று ஆண்டுகள்

நபிகள் நாயகத்தின் மக்கா வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். ஏறத்தாழ 616 முதல் 619 வரை, குறைஷித் தலைவர்கள் அவருடைய குலமான பனூ ஹாஷிமை ஒதுக்கிவைத்தனர். அவர்களோடு கொள்வினை கொடுப்பினை கூடாது. வாணிகமும் கூடாது என்று எழுதி, அந்த ஒப்பந்தத்தைக் கஅபாவில் தொங்கவிட்டனர். குலத்தார் அபூதாலிபின் கணவாயில் அடைபட்டுப் பசியில் வாடினர். சுமார் மூன்று ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

இது எப்படி முடிவுக்கு வந்தது என்பது சிந்திக்கத்தக்கது. ஹிஷாம் இப்னு அம்ரு என்பவர் இரவு நேரத்தில் ஒட்டகத்தின் மீது உணவுப் பொருட்களை ஏற்றி, கணவாயின் வாயிலில் அதனை உள்ளே விரட்டிவிடுவார் என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிறகு அவரே முத்இம் இப்னு அதீ முதலிய சிலரைத் தனித்தனியே சந்தித்து, நம் உறவினர் பசித்திருக்க நாம் உண்ணலாமா என்று கேட்டு அவர்களை ஒன்றுதிரட்டினார். அவர்கள் சபையில் எழுந்து அந்த ஒப்பந்தம் அநீதியானது என்று அறிவித்தனர். அப்போது அவர்களுள் எவரும் நபியின் மார்க்கத்தில் சேர்ந்தவர் அல்லர்.

உள்ளே இருந்தவர்களின் பொறுமை மட்டும் அந்த ஒதுக்கலை முடிக்கவில்லை. வெளியே இருந்தவர்களின் மனச்சாட்சியும் விழித்தெழ வேண்டியிருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு நம் காலத்திற்கு வருவோம்.

சோனகத் தெருவில் நடந்தது

யாழ்ப்பாண நகரில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்தனர். சோனகத் தெருவும் அதனைச் சுற்றிய பகுதிகளும் அவர்களுடைய இருப்பிடம். தையல், இரும்புப் பொருள், துணி வாணிகம் எனப் பல தொழில்களில் அவர்கள் ஈடுபட்டிருந்தனர். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமும், பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கியவருமான ஏ.எம்.ஏ. அஸீஸ், 1911-இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாண இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். அந்த மண்ணில் இரு சமூகத்தவர் வாழ்வும் எவ்வளவு நெருங்கிப் பின்னியிருந்தது என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சுமார் இரு வாரங்களுக்குள், தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணம் முழுவதிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அக்டோபர் 30-ஆம் நாள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்திற்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டனர். வழியில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. சில நூறு ரூபாயும் உடுத்திய துணியுமே பலருக்கு மிஞ்சின. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கடல் வழியாகக் கல்பிட்டிக்குச் சென்றனர்.

இதனைத் தமிழில் எழுதும்போது தமிழர்களாகிய நாம் தயங்கக் கூடாது. வட இலங்கைத் தமிழரும் பெருந்துன்பம் அனுபவித்தவர்களே. 1983-இன் கொடுமையையும் அதன்பின் நேர்ந்த பேரழிவுகளையும் எவரும் மறக்க முடியாது. ஆயினும், ஒருவர் பட்ட துன்பம் அவர் இழைத்த துன்பத்தை இல்லாமற் செய்துவிடாது. தன் வீட்டுக்கு வந்த தீயை அறிந்தவனே அடுத்த வீட்டுத் தீயை முதலில் உணர வேண்டியவன்.

புத்தளத்துக் கிடுகுக் குடிசைகள்

வெளியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். அங்கிருந்த முஸ்லிம் மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டனர், சமைத்துக் கொடுத்தனர், குடிசை போட நிலம் தந்தனர். சில வாரங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தனர். வாரங்கள் ஆண்டுகளாயின. தென்னங்கீற்றால் வேய்ந்த குடிசைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. வந்தவர் தொகை மிகுந்தபோது, வேலைக்கும் தண்ணீருக்கும் பள்ளியிடத்திற்கும் போட்டி ஏற்பட்டு, ஆதரித்தவருக்கும் அகதிக்கும் இடையே மனக்கசப்பும் தோன்றியது. விருந்தோம்பலுக்கும் ஒரு பொறுமை தேவை. அதுவும் நீண்டநாள் சோதிக்கப்பட்டது.

இந்தக் காலத்தில் அம்மக்கள் செய்தது என்ன? முதலாவதாக, கல்வியைக் கைவிடவில்லை. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான பள்ளிகள் அங்கே உருவாயின. இரண்டாவதாக, நினைவைக் காத்தனர். மன்னார் மாவட்டத்து எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவரும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் அறிஞருமான எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இழந்தவற்றை ஆய்ந்து பதிவு செய்தார். இலங்கைப் போரில் மறக்கப்பட்ட மக்கள் என்று அவர்களைக் குறிப்பிட்டு 2001-இல் ஆங்கிலத்தில் நூலும் வெளியிட்டார். 2018-இல் மறையும் வரை வடபுல முஸ்லிம்களின் உரிமைக்காகவும், தமிழர்-முஸ்லிம் நல்லுறவுக்காகவும் அவர் உழைத்தார். கணக்கெடுப்பது வழிபாடு போலத் தோன்றாது. ஆனால், கஸ்ஸாலி கூறிய உழவனின் வேலை அதுவே. நிலத்தின் உரிமைப் பத்திரமில்லாத ஒருவருக்கு, இந்த வீடு இன்னாருடையது என்ற பதிவு நல்ல நிலத்தில் இட்ட விதை.

மூன்றாவதாக, பழிக்குப் பழி என்று அவர்கள் கிளம்பவில்லை. ஆயுதம் நிறைந்திருந்த ஒரு நாட்டில், உடைமை எல்லாம் இழந்த பல்லாயிரம் பேர் வன்முறையைத் தங்கள் வழியாகக் கொள்ளாமல் இருந்தது சிறிய செய்தியன்று. ஸப்ரின் இரண்டாவது வகையை, அதாவது தகாத செயலில் இறங்காமல் தன்னைப் பிடித்து நிறுத்துவதை, இங்கே காண்கிறோம்.

2002-இல் போர்நிறுத்தம் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் வெளியேற்றத்திற்குப் புலிகள் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அதே மாதம் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமுடன் ஓர் உடன்பாடும் ஏற்பட்டது. ஆனால், போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, புதிதாக இடம்பெயர்ந்தோருக்கே உதவியில் முன்னுரிமை கிடைத்தது. பழைய அகதிகள் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். ஊர் திரும்பியவர்கள் இடிந்த சுவர்களையும் காடு மண்டிய வயல்களையும் கண்டனர். மன்னாரின் தென்பகுதியில் மரிச்சுக்கட்டிப் பக்கம் குடியேறியோர், வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று 2015-இல் குற்றம் சாட்டப்பட்டனர். இன்றும் ஒரு பகுதியினரே திரும்பியிருக்கின்றனர். பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர். இரு ஊர்களுக்கும் இடையே அலைபவர்களும் உண்டு.

நம்பிக்கை பொய்த்ததா?

இங்கே ஓர் கடினமான கேள்வி எழுகிறது. திரும்பிப் போகலாம் என்று நம்பிக் குடிசையிலேயே கண்மூடிய முதியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய நம்பிக்கை பொய்த்துவிட்டதா?

நம்பிக்கை என்பது வருங்காலத்தைப் பற்றிய கணிப்பு என்றால், ஆம், பொய்த்தது. 'நாளை சரியாகிவிடும்' என்பது கணிப்பு. நாளை வந்து அதனைப் பொய்யாக்கலாம். ஆனால், மேலே கண்ட உழவனின் நம்பிக்கை கணிப்பன்று. விளைச்சல் தன் கையில் இல்லை என்று அறிந்தும் விதைக்க வேண்டியது தன் கடமை என்று உணர்ந்து செய்யும் செயல் அது. உலக முடிவே நெருங்கினாலும், கையில் ஒரு மரக்கன்று இருந்தால் அதனை நட்டுவிட வேண்டும் என்ற கருத்து நபிமொழி மரபில் உண்டு. அந்த மரத்தின் கனியை நடுபவர் உண்ணப் போவதில்லை. எவருமே உண்ணப் போவதில்லை. ஆயினும் நடுதல் நல்லது. பேரப்பிள்ளைக்குச் சோனகத் தெருவின் பெயரையும், முசலியின் வயல்களையும் சொல்லிவிட்டு மறைந்த முதியவர் அத்தகைய கன்றை நட்டவரே.

பேசும் பொறுமை

இன்னோர் எடுத்துக்காட்டு அண்மையது. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, அந்நோயால் இறந்த எல்லோருடைய உடல்களையும் எரிக்க வேண்டும் என்று இலங்கை அரசு கட்டாயப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. இறந்தவரை நல்லடக்கம் செய்வது முஸ்லிம்களுக்குச் சமயக் கடமை. அக்கடமையைச் செய்ய இயலாமல், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலும் 2020 டிசம்பரில் எரிக்கப்பட்டது.

மக்கள் என்ன செய்தனர்? கொழும்பு பொரளை மயானத்தின் வாயிற்கம்பிகளில் வெண்துணிகளைக் கட்டினர். இறந்தவருக்குப் போர்த்தும் கஃபன் துணியின் நிறம் அது. கல்லெறியாத, ஆனால் எவரும் கண்ணை மூடிக்கொள்ள முடியாத முறையீடு. பிற சமயத்தாரும் அதில் கலந்துகொண்டனர். 2021 பிப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் இணைந்து நடந்த பேரணியில், தமிழரின் கோரிக்கைகளோடு இக்கோரிக்கையும் எழுப்பப்பட்டது. 1990-இல் முஸ்லிம்கள் துரத்தப்பட்ட அதே வடக்கில் அந்தப் பேரணி சென்று முடிந்தது. அம்மாத இறுதியில் தடை நீக்கப்பட்டது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரியது. எரிந்துபோன உடல்களை அந்த மன்னிப்பு திருப்பித் தராது. எனினும், பொறுமை என்பது வாய்மூடியிருத்தல் அன்று என்பதற்கு இது சான்று.

யார் யாருக்குச் சொல்வது?

வேதாந்தம் பயில்பவர்கள் 'திதிட்சை' என்னும் சாதனையை அறிவார்கள். வந்த துன்பத்தை எதிர்க்காமலும் புலம்பாமலும் தாங்குதல் என்று அது விளக்கப்படுகிறது. ஆனால், அது சாதகன் தானே விரும்பித் தன்மீது ஏற்றுக்கொள்ளும் விரதம். நான் உண்ணாதிருப்பது நோன்பு. அடுத்தவன் தட்டைப் பறித்துவிட்டு, நோன்பிரு என்பது நோன்பாகாது. பொறுமையும் அப்படித்தான். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது அது தவம். துன்பத்தைப் போக்கக்கூடிய ஒருவர், அதனைப் போக்காமல் துன்புறுவோருக்குச் சொல்லும்போது அதே சொல் கைகழுவுதல் ஆகிவிடுகிறது.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இதுவே விடை. பொறுமையைப் போதிக்க விரும்புபவர் முதலில் அந்தத் துன்பத்தில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும். இரவில் ஒட்டகத்தில் உணவேற்றிச் சென்ற ஹிஷாம், கணவாயில் இருந்தவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ததாக வரலாறு கூறவில்லை.

பெங்களூரில் சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் கரக ஊர்வலம், காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்வது வழக்கம். அந்த மகானின் பெயரிலேயே தவக்குல், இறைவனிடம் ஒப்படைத்தல், இருக்கிறது. ஊர்வலம் நிற்பது சிறிது நேரமே. ஆனால், ஒருவர் வாசலில் மற்றவர் நிற்கும் பழக்கம் உள்ள ஊரில், ஒருவர் துன்பத்தின்போது மற்றவர் வந்து நிற்பது எளிதாகிறது. அந்தப் பழக்கத்தை நல்ல காலத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும். துன்பம் வந்தபின் அண்டை வீட்டுக்கு வழி தேடுவது கடினம்.

இப்போது துன்பத்தில் இருக்கும் முஸ்லிம் சகோதரர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், அவருக்கு நாம் சொல்லக்கூடியது அவருடைய மரபே அவருக்குச் சொல்வதுதான். அழுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, யாக்கூப் அழுதார். முறையிடவும் உரிமை உண்டு. பிள்ளைகளின் படிப்பையும், பத்திரங்களையும், நினைவுகளையும் காத்து வையுங்கள். கோபம் நிரபராதியை நோக்கித் திரும்பாமல் பிடித்து நிறுத்துங்கள். தேடுவதை விட்டுவிடாதீர்கள். மற்றவர்களாகிய நமக்கு உரிய பாடம் இன்னும் சுருக்கமானது: அவர்கள் தனியே காத்திருக்கும்படி விட்டுவிடக் கூடாது.

சிந்தனைக்கு

1. ஸப்ரின் மூன்று வகைகளுள் நமக்கு மிகவும் கடினமானது எது? ஏன்?

2. நம் வாழ்வில் நம்பிக்கை என்று நாம் எண்ணியிருப்பது உழவனின் நம்பிக்கையா, மழை பெய்யாத பகுதியில் மழையை நோக்கியிருக்கும் வெற்று ஆசையா?

3. நமக்குத் தெரிந்த ஒருவரிடம் 'பொறுமையாயிரு' என்று சொன்னபோது, அவருடைய சுமையைக் குறைக்க நம்மால் இயன்ற ஏதேனும் ஒன்று இருந்ததா? அதனை இன்று செய்ய முடியுமா?